என்னை எதிர்த்து நான் பேசிய சனிக்கிழமைகள்

பட்டரவாக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதன் அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் ஒரு பட்டறையில் வேலை செய்து அங்கேயே படுத்துக்கொண்டிருந்தவன், அன்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பியிருந்தேன். சண்டை ஒன்றும் இல்லை. முதலாளி நல்ல மாதிரி, ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. பல் விளக்கும்போது இந்த ஊர் போதும் என்று தோன்றியது, அவ்வளவுதான். எனக்கு அப்படித் தோன்றிவிட்டால் அதற்குமேல் அங்கே சோறு இறங்காது. ஏழாம் வகுப்புப் பாதியில் வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கிளம்பியதும் அப்படித்தான். ஓசூரில் ரோஜாத் தோட்டம், சூரத்தில் சேலைக் கிடங்கு, விஜயவாடாவில் ஓட்டல் என்று எத்தனையோ இடங்களிலிருந்து இதே மாதிரி நடந்து வெளியேறியிருக்கிறேன். வெளியேறுகிற முதல் ஒரு மணி நேரத்தைப் போல வேறு எதுவும் எனக்கு ருசித்ததில்லை. கால் தானாகப் போகும். கேட்டுக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "இன்னா மாமே, பையோட கிளம்பிட்ட?" என்றார். "சும்மாதான்" என்று கையைக் காட்டிவிட்டுப் போனேன்.

அந்த நடையைப் பற்றிப் பிறகு கோர்ட்டில் பேசினார்கள். டீக்கடைக்காரர் கூண்டில் ஏறி, நான் பையுடன் வேகமாகப் போனதாகவும் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றும் சொன்னார். அதில் பொய் எதுவும் இல்லை. பை இருந்தது. பதில் சரியாகச் சொல்லவில்லை. திங்கட்கிழமை பட்டறையைத் திறந்தபோது இரண்டு சுருள் செம்புக் கம்பியைக் காணவில்லை, என்னையும் காணவில்லை. இரண்டும் ஒன்றாகப் போயிருக்கின்றன என்று முதலாளி நினைத்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அரக்கோணத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த என்னைப் போலீஸ்காரர்கள் பிடித்து வந்தார்கள். நான் இடத்தைக் காட்ட, அவர்கள் ஏரிக்கரைப் புதரிலிருந்து கம்பியை எடுத்ததாக வழக்குக் காகிதக் கட்டில் எழுதியிருக்கிறது. அந்த ஏரியை நான் முதன்முதலில் பார்த்ததே அவர்களுடைய ஜீப்பிலிருந்துதான். கம்பியை எடுத்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஜாமீன் நிற்க ஆள் இல்லாததால் விசாரணை முடியும்வரை சிறையிலேயே இருந்தேன். அங்கே பல தடவை வந்து போன ஒருவர் எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். "ஜட்ஜ் இன்னா கேட்டாலும் பொய்யின்னு சொல்லு. ஒரு ஆமா சொன்னன்னு வை, மீதி எல்லாத்தையும் உன் தலையில கட்டிருவாங்க." இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. உள்ளே இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் இதைத்தான் சொல்லிக்கொள்வார்கள். சாட்சிகள் முடிந்த பிறகு மாஜிஸ்திரேட் ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் எனக்குப் படித்துக் காட்டி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பட்டறையில் வேலை செய்தீர்களாமே? பொய். அங்கேயே தங்கியிருந்தீர்களாமே? பொய். ஞாயிற்றுக்கிழமை காலை பையுடன் போனீர்களாமே? பொய். அவர் ஒருமுறை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தைரியமாக நின்றேன். வேலை செய்ததையே மறுக்கிற ஒருவர் சொல்லும் வேறு எதையும் நம்ப முடியவில்லை என்று தீர்ப்பில் எழுதினார். ஒரு வருடம்.

வக்கீலம்மாவை நான் முதலில் பார்த்தது அதற்குப் பிறகுதான், சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம். மேல்முறையீட்டுக்காகச் சட்ட உதவியில் அவரைப் போட்டிருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். வக்கீலம்மா எல்லோரிடமும் இந்த ஊர்ப் பேச்சுதான் பேசுவார், என்னை அண்ணா என்பார். கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பேச்சு எட்டிப் பார்க்கும், நான் அண்ணாச்சி ஆகிவிடுவேன். முதல் நாளே ஆனேன்.

"அந்தப் பட்டறையில வேலை செஞ்சியாண்ணா?"

"செஞ்சேன் மேடம்."

"அங்கயே தங்கினியா?"

"ஆமா."

"ஞாயித்துக்கெழமை காலைல கிளம்பினியா?"

"ஆமா மேடம்."

வழக்குக் கட்டை மூடினார். "பொறவு கோர்ட்ல எதுக்குப் பொய்னு சொன்னீய அண்ணாச்சி? எல்லா ஆமாவையும் எங்கிட்ட சொல்லணும்னு எடுத்து வச்சிருந்தீயளோ?"

"உள்ள இருந்தவங்க அப்பிடித்தான் சொல்லச் சொன்னாங்க."

"அவங்கல்லாம் ஜெயிச்சு வெளிய போயிட்டாங்களா?"

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அப்போது என் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்தி வைத்தார்கள். வெளியே விட இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டு வரி கட்டுகிறவர்களாக. வக்கீலம்மா கோவில்பதாகையில் ஒருவரைப் பிடித்தார். பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் மனையாகிவிட்டது, ஆறு மாடு மட்டும் மிச்சம். ஒரு பாதைத் தகராறில் வக்கீலம்மா அவருக்காக வாதாடியிருந்தார். அவரும் அவர் மச்சானும் கையெழுத்துப் போட்டார்கள். மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில் நான் படுக்க வேண்டும், மாட்டைக் கழுவ வேண்டும், அவர் கண்ணைவிட்டு விலகக் கூடாது என்பது பேச்சு. கோர்ட்டுக்கு மாதத்தில் முதல் வேலைநாளில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். இவருக்குத் தினமும் வேண்டும். விடிந்ததும் வெளியே நின்று, "இன்னாடா, கீறியா?" என்பார். "கீறேன் நைனா" என்று உள்ளிருந்து சொல்வேன். அதற்குப் பிறகுதான் அவர் வாயில் வெற்றிலை போகும்.

மாடுகளைக் காலையில் அவிழ்த்துவிட்டால் அவை தாமாகவே ரோடு ரோடாகப் போய், காய்கறிக் கடைக் கழிவைத் தின்றுவிட்டு, சாயங்காலம் தாமாகவே வந்துவிடும். வீட்டுக்காரர் அதைக் காட்டிக் காட்டிப் பேசுவார். "அதுங்க போனா வருது. நீ போனா வருவியா? என் ஊட்டை உன் பேர்ல வச்சிட்டு உக்காந்துகினு கீறேன்."

"வருவேன் நைனா."

"இத்தத்தான் உங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டு வந்தியா?"

அம்மாவிடம் அதைக்கூடச் சொல்லாமல்தான் வந்திருந்தேன்.

சிறையில் இருந்தபோது கால் அப்படி அரித்ததில்லை. அங்கே சுவர் இருந்தது, பார்த்தால் புரிந்தது. இங்கே எந்தப் பக்கமும் சுவர் இல்லை. கோவில்பதாகையிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம். அங்கே நின்றால் காட்பாடி போகிறது, திருப்பதி போகிறது, பெங்களூர் வண்டி நிற்காமல் பறக்கிறது. நான் பட்டாபிராமில் கட்டட வேலை, திருநின்றவூரில் மனைக்குக் கல் ஊன்றுகிற வேலை என்று விடிந்து போய் இருட்டுவதற்குள் திரும்புகிற தூரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒருமுறை அரக்கோணம்வரை போய் பிளாட்பாரத்தில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை, போக முடிகிறதா என்று பார்த்தேன். திரும்பியபோது வீட்டுக்காரர் வாசலில் மச்சானுடன் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. அதற்குப் பிறகு நான் அப்படிப் போகவில்லை. மேல்முறையீடோ வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போனது. இரண்டு மழைக்காலம் அந்த அறையின் கூரை ஒழுகுவதைப் பார்த்தேன். ஒரே ஊரில் இரண்டாவது மழையைப் பார்த்தது, ஊரைவிட்டு வந்த பிறகு அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை மதியங்களில் வக்கீலம்மாவின் அறைக்குப் போவேன். ஆவடி மார்க்கெட்டில் ஒரு தையல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது. வாதாடுவதற்கு முன்னால் எதிர்ப் பக்கம் பேசப்போவதை அவர் காதால் கேட்க வேண்டும், கண்ணால் படித்தால் போதாது. அது அவருடைய வேலை முறை. ஜூனியர் யாரும் இல்லை. அதனால் கட்சிக்காரர்களையே பேச வைப்பார். என்னை மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்து, "நீதான் இப்ப அரசு வக்கீல். இந்த ஆளை ஏன் விடக் கூடாதுன்னு எனக்குச் சொல்லு" என்றார். முதல் நாள் நான், "நான் வந்து..." என்று இழுத்தேன். "நான்னு சொல்லாத. எதிரின்னு சொல்லு" என்றார். கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அதுதான் பெயர்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. வாரம் முழுவதும் மாட்டைக் கழுவும்போது யோசித்து வைப்பேன். எதிரிக்குச் சொந்த ஊர் இருந்தும் ஊர் கிடையாது. எதிரி எந்த வேலையிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. யாரும் திட்டாமல், யாரும் துரத்தாமல், ஒரு மனிதன் ஏன் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்? போகிறவன் டீக்கடைக்காரரிடம் ஊருக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு என்ன? நான் குரலை ஏற்றி இறக்கிப் பேசும்போது கீழே தையல் மெஷின் நின்றுவிடும். தையல்காரர் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் படியிறங்கும்போது என்னிடம், "யாருப்பா அந்த ஆளு? உள்ள தூக்கிப் போடாம இன்னும் வெளிய வுட்டு வச்சிருக்காங்க" என்றார். நான்தான் அது என்று சொன்னேன். அவர் அளவுநாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

யாரும் துரத்தாமல் ஏன் போனான் என்று நான் கேட்ட அன்று வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டார். "இதுக்கு எங்கிட்ட பதில் இல்லண்ணா. அடுத்த வாரம் வா" என்றார். மார்க்கெட்டைத் தாண்டும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வக்கீலை வாயடைக்க வைத்துவிட்டேன். பருத்திப்பட்டு ஏரியை நெருங்கும்போது பெருமை போய், நான் பேசியது எனக்கே சரியாகப் படத் தொடங்கியது. கம்பியை நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் பற்றி மற்றது எல்லாம் உண்மை. உண்மையை அடுக்கிக்கொண்டே போனால் கடைசியில் கம்பியும் என் பையில்தான் வந்து விழுகிறது. அப்படி ஒரு வழியை நானே வாராவாரம் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று இரவு மாட்டுக்கு வைக்கோல் போடவே மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கேட்டுவிட்டேன். "நீங்க என்னை நம்புறீங்களா மேடம்?"

"அது என் வேலை இல்லண்ணா" என்றார். "நம்பிட்டா கோர்ட்ல எனக்குக் கண்ணு கலங்கும். ஜட்ஜ் கடிகாரத்தைப் பாப்பாரு. நீ பேசு."

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் எழுந்து நின்று பேசினேன். வருத்தத்தில் கொஞ்சம் காரமாகவே பேசினேன். விசாரணையின்போது மாஜிஸ்திரேட் என்னிடம் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் அப்படியே வாசித்துக் காட்டினேன், ஒவ்வொரு பொய்யையும் மேஜையில் தட்டித் தட்டி. வேலை செய்தாரா, பொய். தங்கியிருந்தாரா, பொய். எதிரி நன்றாக வேலை செய்பவர், அவர்மேல் அதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை என்று முதலாளி சொல்கிறாரே, பொய். அதே வேகத்தில் அடுத்ததற்குப் போனேன். வக்கீலம்மா கையை உயர்த்தினார். "திரும்பப் படி" என்றார். படித்தேன். அவர் கட்டைப் பிடுங்கித் தானே படித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தையல்காரர் ஊசியோடு மேலே ஏறி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "உன்னை நல்லவன்னு சொன்னதையும் பொய்னு சொல்லிருக்கியேண்ணா" என்றார். எனக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. அதை அவர் பென்சிலால் கோடிட்டு வைத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் பூந்தமல்லி கோர்ட்டில் வழக்கு எடுக்கப்பட்டது. பெயரைக் கூப்பிட்டதும் வக்கீலம்மா எழுந்தார். நீதிபதி கட்டைப் புரட்டிவிட்டு, இவர் எவ்வளவு காலம் உள்ளே இருந்திருக்கிறார் என்று கேட்டார். வக்கீலம்மா சொன்னார். தண்டனையைப் பற்றி மட்டும் பேசுவதானால் இன்றே முடித்துவிடலாம் என்பதுபோல் நீதிபதி மெதுவாக ஏதோ சொன்னார். வக்கீலம்மா மதியம்வரை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வளாகத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், நிழலில், புளிசாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினார்.

"இருந்த நாளே போதும்னு எழுதிடுவாங்க. கையெழுத்து இல்ல, வாய்தா இல்ல, ஜாமீன் இல்ல. சாயங்காலமே எங்க வேணா போலாம். ஆனா திருடினவன்னு போட்டது போட்டதுதான்."

"முழுசா பேசினா?"

"ஜெயிச்சா ஒண்ணுமே இல்ல. தோத்தா மீதி நாளும் உள்ள இருக்கணும். எதுன்னு என்னால சொல்ல முடியாதுண்ணா. நீ சொல்லு. எதுன்னாலும் செய்றேன்."

திருநின்றவூரில் எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் அன்று சாயங்காலம் நாக்பூருக்கு லாரி எடுக்கிறார். கிளீனர் இல்லை, வருகிறாயா என்று முந்தின நாள்தான் கேட்டிருந்தார். சரி என்ற வார்த்தை என் வாய்வரை வந்துவிட்டது. நாக்பூர். இரண்டு நாள் ரோடு. வக்கீலம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "எப்பவும் அந்தப் பக்கம்தான் பேசற. இன்னிக்கு உன் பக்கம் பேசு. கேக்கிறேன்" என்றார்.

வாயைத் திறந்தேன். அத்தனை சனிக்கிழமை பேசியவன், தையல் மெஷினை நிறுத்தியவன், எனக்காகப் பேச எழுந்ததும் முதல் வாக்கியம்கூட இல்லாமல் நின்றேன். நான் நல்லவன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன், அதையே பொய் என்று சொன்னவன். கம்பியை எடுக்கவில்லை என்பதை எத்தனை தடவை சொன்னாலும் அது ஒரு வாக்கியத்துக்குமேல் நீளவில்லை. வக்கீலம்மா அவசரப்படுத்தவில்லை. சாதத்தில் கிடந்த நிலக்கடலையைத் தனியாக ஒதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதற்குச் சில மாதம் முன்னால் கோவில்பதாகையில் ஒருவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் போலீஸ் நேராக மாட்டுக் கொட்டகைக்குத்தான் வந்தது. வீட்டுக்காரர் குறுக்கே நின்று, "இவன் இங்கதான் கீறான். காலைல நான் கேட்டேன், உள்ளருந்து குரல் குடுத்தான்" என்றார். அவர்கள் போய்விட்டார்கள். நாக்பூரில் மோட்டார் காணாமல் போனால் இவன் இங்கேதான் இருந்தான் என்று யார் சொல்வார்கள்? ஒரே ஊரில் கிடக்கிறவனுக்குத் திருடன் என்ற பெயர் இருந்தாலும் பழகிப்போகும், பார்த்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். போகிற ஊரெல்லாம் புது ஆளாக நிற்கிறவனுக்கு அந்தப் பெயரோடு ஒரு ஊரும் மிஞ்சாது. அன்று சாயங்காலம் லாரியில் ஏறினால் அதுதான் நான் நிம்மதியாகப் போகிற கடைசிப் பயணம். இதை வக்கீலம்மாவிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லவில்லை.

"முழுசா பேசுங்க மேடம்" என்றேன்.

"தோத்தா?"

"உள்ள போறேன்."

டப்பாவை மூடினார். "இரு, கை கழுவிட்டு வரேன்" என்றார்.

மதியம் கடைசி வரிசையில் கதவை ஒட்டி நின்றேன். அரசு வக்கீல் பேசியது என்னுடைய முதல் சனிக்கிழமை அளவுக்குக்கூட இல்லை. விட்டுப்போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்தது. எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். வக்கீலம்மா குரலை உயர்த்தவே இல்லை. ஏரிக்கரையில் கம்பியை எடுத்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் அதை ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டதாகக் குறுக்கு விசாரணையில் சொல்லியிருந்ததைக் காட்டினார். பிறகு மாஜிஸ்திரேட்டின் கேள்விகளையும் என் பதில்களையும் வரிசையாகப் படித்தார். தனக்கு நன்மையானதையும் சேர்த்து மறுக்கிற ஒருவர் யோசித்துப் பொய் சொல்லவில்லை, பயந்துபோய் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்றார். யாரும் துரத்தாமல் ஏன் போனார் என்ற இடத்துக்கும் வந்தார். எதிர்த் தரப்பு அதைக் கேட்கக்கூட இல்லை, அவராகவே எடுத்தார். "வேலையை விட்டுப் போவது குற்றம் இல்லை. சொல்லாமல் போவது மரியாதைக் குறைவு. அதற்குத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு கிடையாது." நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார்.

தீர்ப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பையை மறுபடியும் கட்டி வைத்தேன், சிறைக்குப் போனாலும் வேறு எங்கே போனாலும் அதே பைதான். மூன்றாவது முறை போனபோது நீதிபதி நாலு வரி படித்தார். வக்கீலம்மா திரும்பி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். வராந்தாவில், "முடிஞ்சுதுண்ணா. உன்மேல எதுவும் இல்ல" என்றார். அதற்குள் பக்கத்து ஹாலில் அவருடைய வேறொரு வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு ஓடினார். நன்றி சொல்லக்கூட நேரம் இல்லை.

அதைச் சொல்வதற்காகச் சில வருடம் கழித்து இந்தப் பக்கம் வந்தபோது ஆவடிக்குப் போனேன். அதே மாடி. கீழே தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. வக்கீலம்மாவுக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது. இரண்டு ஜூனியர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் காட்டி அவர்களிடம், "இவர்தான் நான் சொன்ன அரசு வக்கீல்" என்றார். பிறகு, "இப்ப பேசிப் பாக்க ஆளுங்க இருக்காங்கண்ணா. ஆனா எவனும் உன்னளவுக்கு என்னைத் திணறடிக்கிறது இல்ல" என்றார். நன்றி சொல்லவில்லை. அங்கே அது பொருந்தவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு இறங்கினேன். அவர் என்னை நம்பினாரா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து மார்க்கெட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனேன். இப்போதும் எந்த ஊரிலாவது ஒருவரைப் பற்றி நாலு பேர் குற்றமாகப் பேசிக்கொண்டிருந்தால் எனக்குள் அந்தப் பேச்சு வேகமாக வரிசை கட்டுகிறது. அந்த ஆளின் பக்கத்துக்குப் பேச எழுந்தால் முதல் வாக்கியத்துக்கு இன்னும் தடுமாறுகிறேன். ஆனாலும் எழுந்துவிடுகிறேன்.

விடுதலையான அன்று சாயங்காலம் கோவில்பதாகைக்குப் போய்ச் சொன்னேன். வீட்டுக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னிக்காவது நான் தூங்கறேன்" என்றார். கிளம்புகிறேன் நைனா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். யாரிடமாவது சொல்லிக்கொண்டு ஒரு ஊரைவிட்டுப் போவது எனக்குப் புதிது. ஆவடி ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறி, கதவோரம் நின்றேன். காற்று அடித்தது. ஆனால் கால் தானாகப் போகிற அந்த ருசி வரவில்லை. பட்டாபிராம் போயிற்று, நெமிலிச்சேரி போயிற்று. திருநின்றவூரில் வண்டி நின்றதும், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய தூரம் முடிந்துவிட்டது என்று எனக்குள் ஏதோ சொல்லியது, நான் இறங்கிவிட்டேன். இறங்கிய பிறகுதான் இறங்க வேண்டியதில்லை என்று நினைவு வந்தது. வண்டி போய்விட்டிருந்தது. எதிரே நாக்பூர் டிரைவர் வீடு பூட்டிக் கிடந்தது. ஸ்டேஷனிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் ஏரிப் பக்கம் புதிதாக வீடு எழும்பும் ஒரு மனையில் போய் வேலை கேட்டேன். மேஸ்திரி ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊரு?"

"வந்தவாசி பக்கம்."

"கேஸு கீஸு எதுனா கீதா? அப்பால போலீஸு வந்து என் சைட்ல நிக்கக் கூடாது."

இல்லை என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட. "ஒரு திருட்டுக் கேஸ் இருந்துச்சு. அப்பீல்ல விடுதலை ஆயிட்டேன்" என்றேன்.

"எப்போ?"

"நேத்து."

சல்லடை பிடித்திருந்த பெண் கையை நிறுத்தித் திரும்பினாள். மேஸ்திரி இட்லியை மென்று விழுங்கினார். "இன்னாத்த எடுத்தேன்னு போட்டாங்க?"

"செம்புக் கம்பி."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அண்ணாத்தே, நல்ல ஆளாத்தான் பாத்துப் புடிக்கிற" என்றாள்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. சுவரோரம் தார்ப்பாய் மூடிக் கிடந்த இரும்புக் கம்பிக் கட்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க காவலுக்குப் படுத்துகினு இருந்தவன் முந்தாநேத்து சொல்லாம கொள்ளாம பூட்டான்" என்றார். "பகல்ல சிமெண்ட் எடுத்துக் குடு. ராத்திரி அந்தக் கம்பிகிட்ட படுத்துக்க."

"எத்தனை கீதுன்னு எண்ணிக் காட்டிடுங்க" என்றேன்.

"எண்றது என் வேலை" என்று கையைக் கழுவினார். "நீ இருக்கறது உன் வேலை."

பையைக் கம்பிக் கட்டின்மேல் வைத்துவிட்டு, அவர் எழுந்த இடத்திலிருந்த மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டேன்.